வேட்பாளரையும் முகாமுக்கு வரச் சொல்லுங்கள்

2019 ஏப்ரல் மாதம் வடசென்னையில் ஒரு மனிதரின் கையில் 1.76 லட்சம் கோடி ரூபாய் ரொக்கம் இருந்தது. வங்கியில் அல்ல, கையில். உலக வங்கிக்கு 4 லட்சம் கோடி கடனும் பாக்கி. பெரம்பூர் சட்டமன்ற இடைத்தேர்தலில் நின்ற அவருடைய பிரமாணப் பத்திரம் அப்படித்தான் சொன்னது. சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம். வாங்கினார்கள், மனுவை ஏற்றார்கள், பச்சை மிளகாய்ச் சின்னத்தை ஒதுக்கி அனுப்பிவைத்தார்கள்.

ஐந்நூறு ரூபாய்த் தாளாக எண்ணினால் 352 கோடித் தாள். தாளுக்கு ஒரு கிராம் என்று வைத்தாலும் 3,500 டன். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாசலுக்குக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் லாரிகளில் ஒரு நூற்று நாற்பதையாவது பிடித்து ஏற்றியாக வேண்டும். அந்த வரிசை எர்ணாவூர் மேம்பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றாலும் நாங்கள் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். எங்களுக்கு அது தினமும் பழகிய காட்சி. தேர்தல் ஆணையம் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? அதே ஏப்ரலில் பறக்கும் படைகள் தெருத்தெருவாக நின்றன. காசிமேட்டில் மீன் ஏலம் முடித்து வண்டியில் வரும் வியாபாரி மடியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்தால் ரசீது எங்கே, கணக்கு எங்கே என்று கேட்டுப் பறிமுதல் செய்துகொண்டிருந்தன. மீன் வாடை அடிக்கும் பணத்தை மோப்பம் பிடிக்கிற மூக்குக்கு 3,500 டன் பணத்தின் வாடை எட்டவில்லை.

அந்த வேட்பாளர் ஜெ. மோகன்ராஜ். ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர். 1.76 லட்சம் கோடி என்பது 2ஜி விவகாரத்தில் தணிக்கைத் துறை சொன்ன இழப்புத் தொகை. 4 லட்சம் கோடி என்பது அன்றைக்குத் தமிழக அரசின் தலையில் இருந்த கடனின் அளவு. எதை எழுதினாலும் எவனும் சரிபார்ப்பதில்லை என்று ஊருக்குக் காட்டத்தான் அப்படி எழுதினார். காட்டிவிட்டார். அவருடைய மனு தள்ளுபடி ஆகவில்லை. வாக்குச்சீட்டில் பெயர் வந்தது. ஒரு நாட்டின் தேர்தல் ஏற்பாட்டை இதைவிட அழகாக நையாண்டி செய்ய என்னால் முடியாது. நான் வெறும் எழுத்துக்காரன். அவர் போலீஸ்காரர்.

பெரம்பூரில் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டிய பணம், இரண்டு வருஷம் கழித்து எங்கள் திருவொற்றியூர்த் தொகுதியில் சொட்டுச் சொட்டாக வற்றிப்போயிற்று. 2021 சட்டமன்றத் தேர்தலில் இங்கே நின்ற நாம் தமிழர் கட்சியின் தலைமை ஒருங்கிணைப்பாளர் சீமான், 2019-20 நிதியாண்டில் தன் வருமானம் 1,000 ரூபாய் என்று பத்திரத்தில் காட்டியிருந்தார். ஊரே கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்து முடித்தபின், தட்டச்சுப் பிழை என்று விளக்கம் வந்தது. திருத்திய பத்திரமும் வந்தது. பிழை யாருக்கும் வரும். அவர்மேல் எனக்கு ஆத்திரம் இல்லை. என் ஆத்திரமெல்லாம் அந்தப் பிழையைக் கண்டுபிடித்தது யார் என்பதில்தான். செய்தியாளர்களும் மீம் போடுகிற பையன்களும் கண்டுபிடித்தார்கள். ஆயிரமாக இருந்ததால் கண்டுபிடித்தார்கள். அது பார்த்த கண்ணுக்கு நியாயமாகத் தெரிகிற ஒரு தொகையாக இருந்திருந்தால்? நுங்கம்பாக்கம் ஆயகர் பவனில் வேட்பாளரின் வரிக்கணக்கு இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அவருடைய பத்திரம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் உரிமை மட்டும் ஓட்டுப் போடுகிறவனுக்குக் கிடையாது.

ஆயிரம் ரூபாய் என்றதும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 2023 ஜூலை, ஆகஸ்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பப் பதிவு முகாம்கள் நடந்தன. எர்ணாவூர் சுனாமி குடியிருப்பிலிருந்தும் கால்வாய் ஓரத்துக் குடிசைகளிலிருந்தும் பெண்கள் ரேஷன் கார்டையும் ஆதாரையும் கரண்ட் பில்லையும் பிளாஸ்டிக் கவரில் சுருட்டிக்கொண்டு போனார்கள். மாதம் 1,000 ரூபாய்க்கு அரசு என்னென்ன பார்த்தது? குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிறதா? நன்செய் ஐந்து ஏக்கருக்கு மேல், புன்செய் பத்து ஏக்கருக்கு மேல் இருக்கிறதா? வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரிகிறதா? கார் உண்டா, டிராக்டர் உண்டா? வீட்டில் யாராவது வருமான வரி கட்டுகிறார்களா? கேள்வி கேட்டதோடு விட்டார்களா என்றால் இல்லை. சொன்ன பதிலை அரசுத் துறைகளின் தரவுகளோடு ஒப்பிட்டார்கள். சந்தேகம் வந்த இடத்தில் கள ஆய்வுக்கு வீட்டுக்கே ஆள் போனது. சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பத்தில் 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம் தேறின. மீதி அரைக் கோடிக்கு மேல் தள்ளுபடி. மேல்முறையீடு செய்ய வேண்டுமா, இ-சேவை மையம் போ, கோட்டாட்சியர் பார்ப்பார்.

நான் இதைத் தவறு என்று சொல்லவில்லை. பொதுப்பணம் வாங்குகிறவரின் வருமானத்தை அரசு சோதிக்கலாம். தாராளமாகச் சோதிக்கட்டும். அப்படியானால் அந்தப் பொதுப்பணத்தின் மொத்தப் பெட்டகச் சாவியையும் கேட்டு வருகிறாரே ஒருவர், மாலையும் மேளமுமாக, அவரை எந்த முகாமில் உட்கார வைத்தோம்?

கற்பனை செய்து பாருங்கள். எர்ணாவூர் சமுதாய நலக்கூடம். மேசைக்கு அந்தப் பக்கம் கையில் செல்போனோடு ஒரு தன்னார்வலப் பெண். இந்தப் பக்கம் வெள்ளை வேட்டியில் வேட்பாளர்.

“உட்காருங்க சார். வீட்ல கார் இருக்குங்களா?”

“எனக்கு இல்லம்மா.”

“வெளிய ஏழு வண்டி நிக்குதே சார்.”

“அதெல்லாம் தம்பிங்களோடதும்மா. அன்பால வந்தது.”

“சரிங்க சார். நிலம்?”

“விவசாயக் குடும்பம்மா நாங்க. பரம்பரையா.”

“எவ்ளோ ஏக்கர், எந்த ஊர்ல?”

“அது பையன் பேர்ல இருக்கு. அவன் தனி.”

“பையன் எங்க இருக்காரு?”

“நம்ம வீட்லதான். மாடியில.”

“கரண்ட் பில்லு?”

“அது மருமவன் பேர்லம்மா.”

“அப்ப உங்க பேர்ல இன்னாதான் சார் இருக்குது?”

“மக்கள்மா. மக்கள்தான் என் சொத்து.”

தன்னார்வலப் பெண் என்ன செய்வாள்? ‘கள ஆய்வுக்குப் பரிந்துரை’ என்று தட்டிவிட்டு, “அடுத்த ஆள் வாங்க” என்பாள். ஆயிரம் ரூபாய் கிடைத்திருக்காது. ஆனால் நம் சட்டப்படி இவர் நாளைக்கே அமைச்சர் ஆகலாம்.

உள்ளபடியே நம்மிடம் இருக்கும் ஏற்பாடு என்ன? படிவம் 26. அது வானத்திலிருந்து விழவில்லை, நீதிமன்றத்தில் போராடி வாங்கியது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் போட்ட வழக்கில் 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேட்பாளரின் சொத்து, கடன், படிப்பு, குற்ற வழக்கு எல்லாம் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்றது. அடுத்து நடந்ததுதான் இந்தியாவின் ஒற்றுமைக்கு மகத்தான சாட்சி. காவிரி என்றால் ஒன்று சேராதவர்கள், மொழி என்றால் ஒன்று சேராதவர்கள், மதம் என்றால் முறைத்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் 2002 ஜூலையில் அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் தோளோடு தோள் நின்றார்கள். அந்தத் தீர்ப்பை அப்படியே விடக் கூடாது என்பதில் வலது, இடது, நடு எதற்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகஸ்டில் அவசரச் சட்டம் தயாராகிக் குடியரசுத் தலைவர் மேசைக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்தவர் ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை ஒரு வரியும் மாற்றாமல் மறுபடி அனுப்பியது. இரண்டாவது முறை மறுக்க அரசியல் சட்டத்தில் இடமில்லை, போட்டார். எந்த நீதிமன்றம் என்ன சொன்னாலும் இந்தச் சட்டம் கேட்பதற்கு மேல் வேட்பாளர் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று பச்சையாகவே ஒரு பிரிவு எழுதினார்கள். 33பி என்று அதற்குப் பெயர். 2003 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை அடித்து நொறுக்கியது. சொத்து, கடன், படிப்பு என்று இன்றைக்குப் பத்திரத்தில் நாம் படிக்கிற வரியெல்லாம் அவர்கள் எல்லாரும் சேர்ந்து மறைக்கப் பார்த்த வரி. ஓட்டுக் கேட்டு வரும்போது ‘வெளிப்படைத்தன்மை’ என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் கட்டங்கள் கூடிக்கொண்டே வந்தன. 2018 பிப்ரவரியில் லோக் பிரஹரி வழக்கில் வருமானம் எந்த வழியில் வந்தது என்பதையும் சொல்லச் சொன்னது நீதிமன்றம். 2019 பிப்ரவரியில் ஐந்தாண்டு வருமானக் கட்டம் வந்தது. பான் எண்ணோடு, கடைசி ஐந்து ஆண்டு வரிக்கணக்கில் காட்டிய மொத்த வருமானம் எவ்வளவு என்று தனக்கும் மனைவிக்கும் சார்ந்திருப்போருக்கும் எழுத வேண்டும். ஆகா, வரிக்கணக்கே வெளிவந்துவிட்டதே என்று நினைத்துவிடாதீர்கள். வெளிவருவது ஆண்டுக்கு ஒரே ஒரு எண். அதையும் அவரே எழுதிக்கொள்ளலாம். வருமான வரி ரிட்டர்னின் நகலை இணைக்க வேண்டியதில்லை. கட்டிய வரி எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. தேர்தல் அதிகாரிக்குச் சரிபார்க்கும் வேலையும் இல்லை. கட்டம் காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லலாம், நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம். 2013இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த அதிகாரம் அவ்வளவுதான். நிரப்பியது பொய் என்று தெரிந்தாலும் அதற்காக மனுவைத் தள்ள முடியாது. இந்தக் குடியரசின் சட்டத்தில் காலி இடம் குற்றம், பொய் நிரப்பிய இடம் செல்லுபடி. உண்மை தெரியாமல் கட்டத்தை விட்டவன் வெளியே. கூச்சமில்லாமல் எழுதியவன் உள்ளே. பொய்ப் பத்திரத்துக்குத் தண்டனை இல்லாமல் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ இருக்கிறது. அதிகபட்சம் ஆறு மாதம் சிறை. அல்லது அபராதம். நீங்களே வழக்குப் போட்டு, நீங்களே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க அவருடைய வரிக்கணக்கு வேண்டும். அதைக் கேட்டால் அந்தரங்கம் என்பார்கள்.

அந்த ‘அந்தரங்கம்’ என்ற கதவு எப்படி இறுகியது என்றும் பார்க்கலாம். 2012இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில், வருமான வரிக் கணக்கு என்பது தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தாலொழிய தகவல் உரிமைச் சட்டத்தில் தர வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் அந்தப் பிரிவையே மாற்றி எழுதி, தனிப்பட்ட தகவல் என்றாலே கிடையாது என்று கதவை இழுத்துச் சாத்துகிறது. 2024 ஏப்ரலில் அருணாச்சலத்து எம்.எல்.ஏ. ஒருவரின் வழக்கில், தன் ஒவ்வொரு அசையும் பொருளையும் வேட்பாளர் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கும் அந்தரங்கம் உண்டு என்று இன்னொரு தீர்ப்பு. உண்டு, யார் இல்லை என்றது? அவருடைய மருத்துவச் சீட்டு எனக்கு வேண்டாம். காதல் கடிதம் வேண்டாம். பூஜை அறைக்குள் எட்டிப் பார்க்க ஆசையில்லை. வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரி, பிள்ளைகள் விவரம் எல்லாவற்றையும் கறுப்பு மை பூசி மறைத்துக்கொள்ளட்டும். எங்கள் பெண்கள் எத்தனை யூனிட் கரண்ட் எரிக்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர், யார் பெயரில் என்ன வண்டி என்பதெல்லாம் அந்தரங்கம் என்று ஆயிரம் ரூபாய் முகாமில் ஒருவருக்கும் தோன்றவில்லையே? அந்தரங்கம் என்பது குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல்தான் தொடங்குமோ என்னவோ. வரம்பு எவ்வளவு என்று சொன்னால் நாங்களும் சேர்த்து வைக்கலாம்.

இதெல்லாம் டெல்லி விவகாரம், எர்ணாவூருக்கு என்ன என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையே.

எங்களைச் சுற்றிப் பாருங்கள். வடக்கே அனல்மின் நிலையங்கள், சாம்பல் குட்டைகள், எண்ணூர் காமராஜர் துறைமுகம். மேற்கே மணலி, அதில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலைகள். தெற்கே சென்னைத் துறைமுகம். நடுவில் கன்டெய்னர் யார்டுகள், குடோன்கள், லாரி நிறுத்தங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எங்கள் வீடுகளுக்குள் வந்து சுவரில் கோடு போட்டுவிட்டுக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்குப் போனது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எண்ணெய்க்கு நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், மற்ற குடும்பத்துக்கு 7,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். வாங்கியவர் யார், வாங்காதவர் யார் என்பதெல்லாம் பட்டியலில் உண்டு.

இந்த ஊரில் எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் கவுன்சிலரும் ஆகிறவர், ஒருநாள் ஓர் ஆலைக்கு எதிராகவோ ஆதரவாகவோ வாய் திறந்தாக வேண்டும். அன்றைக்கு அவருக்கு அந்த ஆலையோடு கொடுக்கல் வாங்கல் உண்டா என்று எனக்குத் தெரிய வேண்டாமா? கன்டெய்னர் யார்டுக்கு நிலத்தை வாடகைக்கு விட்டிருக்கிறாரா, லாரிகள் ஓடுகின்றனவா, ஒப்பந்தத் தொழிலாளர்களை அனுப்பும் ஏஜென்சியில் பங்கு இருக்கிறதா, சாம்பல் அள்ளும் வேலை எடுத்திருக்கிறாரா? அரசோடும் அரசு நிறுவனங்களோடும் செய்த ஒப்பந்தத்தைப் படிவம் 26 கேட்கிறது. தனியாரிடம் கைநீட்டினால் யார் கொடுத்தார் என்று அது கேட்பதில்லை. ரிட்டர்ன் கேட்கிறது. எந்தக் கம்பெனியில் இயக்குநர், பங்குச் சந்தைக்கு வராத கம்பெனியில் எத்தனை பங்கு, வாடகை எவ்வளவு, வியாபாரம் என்ன என்று வருமான வரித் துறை ஒவ்வொன்றாகக் கேட்கிறது. விவசாய வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டினால் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்றுகூடக் கேட்கிறது. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. அதனால்தான் தார்ச் சாலையைத் தவிர மண்ணை மிதித்திராத கால்களெல்லாம் மார்ச் மாதம் கழனியில் இறங்கிவிடுகின்றன. எந்தக் கழனி, எந்த மாவட்டம் என்று அந்தப் பக்கத்தைக் காட்டினால் நாங்களும் போய் நாற்று நட்டுக் கொடுப்போம்.

யார் எந்த ஆலையிடம் வாங்குகிறார் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வழியில்லை என்பதே குற்றச்சாட்டு.

ஒரு கேள்வி நியாயமானது. கறுப்புப் பணம் வரிக்கணக்கில் வராதே, பிறகு கணக்கைப் பார்த்து என்ன பயன்? பயன் இருக்கிறது. கணக்கில் இருப்பதைப் பார்த்தால்தான் கணக்கில் இல்லாதது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். ஆண்டுக்கு ஐந்து லட்சம் வருமானம், கட்டுகிற வீடோ நாலு மாடி என்றால் இடைவெளியைத் தெருவே அளந்துவிடும். அதற்கு அமலாக்கத் துறை தேவையில்லை, எதிர்வீட்டுத் திண்ணை போதும்.

தமிழ்நாட்டுக்கு இது புத்தகப் பாடம் இல்லை, பட்ட பாடு. மாதம் ஒரு ரூபாய் சம்பளம் போதும் என்று 1991இல் முதல்வரானார் ஜெயலலிதா. அந்த ஐந்து ஆண்டில் வருமானத்துக்கு மீறிச் சேர்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சொத்து 66.65 கோடி. 2014 செப்டம்பர் 27 அன்று சிறப்பு நீதிமன்றம் நாலாண்டு சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தது. மறு ஆண்டு கர்நாடக உயர் நீதிமன்றம் கூட்டல் கழித்தலில் தடுமாறி விடுவித்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பே சரி என்றபோது அவர் இறந்திருந்தார். சொத்து வழக்கு எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் மறந்துபோனது அதன் தங்கை வழக்கு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவர் முதல்வராக இருந்த காலத்தில், அவரும் சசிகலாவும் அவர்கள் பங்குதாரர்களான சசி எண்டர்பிரைசஸும் வருமான வரிக் கணக்கையே தாக்கல் செய்யவில்லை என்பது அந்த வழக்கு. தப்பான கணக்கு அல்ல, கணக்கே இல்லை! எழும்பூர் நீதிமன்றத்தில் தொடங்கிய அது இழுத்து இழுத்து 2014 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணையை நடத்தித்தான் தீர வேண்டும் என்று சொல்லும் வரை வளர்ந்தது. கடைசியில் சமரசக் கட்டணத்தைக் கட்டி முடித்துக்கொண்டார்கள். இடையில் எத்தனை தேர்தல் வந்து போயிற்று! வேட்பாளர் தன் ரிட்டர்னை இணைத்தால்தான் மனு செல்லும் என்று ஒரு விதி அன்றைக்கு இருந்திருந்தால் இரண்டு பத்தாண்டு வழக்கு இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். இணைப்பு எங்கே? இல்லை. அடுத்தவர் வரலாம்.

அந்தச் சொத்து வழக்கில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வரிக்கணக்கில் காட்டிவிட்டோம், வரித் துறை ஏற்றுக்கொண்டது என்பதே நேர்மையான வருமானத்துக்குச் சாட்சி ஆகிவிடாது, எங்கிருந்து வந்தது என்பதையும் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆண்டுக்கு ஒரு எண்ணை மட்டும் எழுதச் சொல்லும் படிவத்துக்கு இதைவிடக் கடுமையான மதிப்பெண் யாரும் போட முடியாது.

ஜெயலலிதா கடைசியாக ஜெயித்த ஆர்.கே. நகர் எங்கள் பக்கத்துத் தொகுதி. அவர் மறைவுக்குப் பின் 2017 ஏப்ரலில் அங்கே இடைத்தேர்தல் வந்தது. வேட்பாளர் செலவழிக்கச் சட்டம் அனுமதித்த தொகை 28 லட்சம். வருமான வரிச் சோதனையில் சிக்கியதாகச் சொல்லப்பட்ட தாள்களில் இருந்த விநியோகக் கணக்கு சுமார் 89 கோடி. தேர்தலையே நிறுத்தினார்கள். டிசம்பரில் மறுபடி நடந்தபோது இருபது ரூபாய்த் தாளை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எந்தக் கட்சியின் செலவுப் பதிவேட்டிலும் அந்த இருபது ரூபாய் ஏறவில்லை. கணக்குச் சொல்லத் தெரியாதவர்கள் அல்ல நம் ஆட்கள். வீட்டுக்கு எத்தனை ஓட்டு, ஓட்டுக்கு எவ்வளவு, கொடுத்தது யார், பாக்கி எத்தனை என்று வார்டு வாரியாக நோட்டுப் போட்டு எழுதுகிறவர்கள். தங்கள் வருமானம் என்று வரும்போதுதான் தட்டச்சுப் பிழை வந்துவிடுகிறது.

வெளியூர்க் கதையும் கொஞ்சம். உத்தரப் பிரதேசத்தில் 1981இல் ஒரு சட்டம் போட்டு, அமைச்சர்களின் வருமான வரியை அரசே கட்டியது. பாவம், ஏழைகளாம். 2019 செப்டம்பரில் பத்திரிகைகள் எழுதிச் சந்தி சிரித்தபிறகுதான் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் நிக்சன் 1970இல் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்து 792 டாலர் வரி கட்டியது வெளிவந்து நாறியது. அதற்குப்பின் அதிபர் வேட்பாளர்கள் ரிட்டர்னை வெளியிடுவது வழக்கமாயிற்று. டிரம்ப் வந்து அந்த வழக்கத்தை உடைத்தார். வழக்கத்தை நம்பினால் அவ்வளவுதான், சட்டம் வேண்டும் என்பது அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. நார்வேயில் எல்லாக் குடிமக்களின் வருமானமும் கட்டிய வரியும் பொதுப் பட்டியல். இவையெல்லாம் பணக்கார நாட்டுக் கூத்து என்பவர்கள் பக்கத்தில் பார்க்கட்டும். பாகிஸ்தான் 2014இல் தன் நாடாளுமன்ற, மாகாண சபை உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கட்டிய வருமான வரியைப் பெயர் போட்டுப் புத்தகமாக வெளியிட்டது. எதற்கெடுத்தாலும் பாகிஸ்தானுக்குப் போ என்கிற தேசபக்தர்கள், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நம்மிடம் என்ன நடந்தது? 2017 செப்டம்பரில் நேரடி வரிகள் வாரியம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது: 7 மக்களவை உறுப்பினர்களின், 98 சட்டமன்ற உறுப்பினர்களின் சொத்து இரண்டு தேர்தலுக்கு நடுவே சந்தேகப்படும் அளவு வளர்ந்திருக்கிறது. யார் அந்த 105 பேர்? பெயர்களை மூடி முத்திரையிட்ட உறையில் வைத்து நீதிபதிகளிடம் தருகிறோம் என்றார்கள். ஆயிரம் ரூபாய் தள்ளுபடி ஆன பெண்ணுக்குத் தெருவறிய குறுஞ்செய்தி. கோடிகள் பெருத்தவருக்கு அரக்கு முத்திரை.

கேட்பது அதிகமில்லை. வேட்பு மனுவோடு ஐந்தாண்டு ரிட்டர்னின் நகலை, மறைக்க வேண்டியதை மறைத்து, இணைக்க வேண்டும். வரித் துறை ஒரு வாரத்தில் இரண்டும் பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். பதவியில் இருக்கிற ஒவ்வோர் ஆண்டும் இது தொடர வேண்டும். பான் அட்டையே இல்லாத ஏழை வேட்பாளர் ‘வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகட்டும், அவரால் யாருக்கும் கேடில்லை. படிவத்தை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. படிவம் 26 என்பது 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் இருக்கிறது. தேர்தல் ஆணையத்தைக் கலந்து ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். ஐந்தாண்டு வருமானக் கட்டம் அப்படித்தான் வந்தது.

அதுவரை, உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஆரத்தித் தட்டை நீட்டும் முன் ரிட்டர்னைக் கேளுங்கள். வரித் துறை வெளியிட முடியாது என்பார், சரிதான். ஆனால் தன் கணக்கைத் தானே வெளியிட வேண்டாம் என்று எந்த வேட்பாளரையும் இந்த நாட்டின் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.